எட்டுப் பேர் வருகிறார்கள்

அன்று புனித புரொகோப்பியஸ் திருநாள். அந்தப் பெயர் கொண்டவர்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, அழைக்காமலே வருகிறவர்களுக்கு இனிப்புக் கொடுக்கும் நாள். கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் சுற்றுலா வேன் ஓட்டும் புரொகோப்பிஸின் வீட்டுக்கு, மனைவி போன பிறகு யாரும் வருவதில்லை. போன வருடம் வாங்கி வைத்த இனிப்புப் பெட்டியை எறும்புகள்தான் காலி செய்தன.

இந்த வருடமும் கடைக்குப் போனார்.

“நூறு வயசு இருங்கண்ணே! எத்தனை பேர் வராங்க?” என்று கேட்டாள் கடைக்காரி எவாந்தியா.

“எட்டுப் பேரு.”

பொய்யில்லை. சூரிய அஸ்தமனம் பார்க்க அன்று அவர் வேனில் ஏறியது எட்டுப் பேர். மலைமுகட்டில் நிறுத்தி, எல்லோரையும் படம் எடுத்துக் கொடுத்தார். சூரியன் கடலுக்குள் இறங்கியதும் கைதட்டினார்கள். தினமும் விழுகிற சூரியனுக்கு எதற்குக் கைதட்டல் என்று பதினெட்டு வருடமாக அவருக்கு விளங்கியதில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். எதற்கென்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் ஒரு பெண், வாய் நிறையப் பாதாம் இனிப்போடு, “டூர்ல இதுவும் உண்டா? விளம்பரத்துல போடவே இல்லையே! நாளைக்கு என் தங்கச்சி வர்றா, அவளுக்கும் கிடைக்கும்ல?” என்றாள்.

சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். “கிடைக்கும்மா. தினமும் உண்டு.”

மறுநாள் அவரைக் கடையில் பார்த்ததும் எவாந்தியா சிரித்தாள். “என்னண்ணே, உங்க நாள்தான் நேத்தே முடிஞ்சு போச்சே?”

“எங்கேம்மா முடிஞ்சுது?” என்றார் புரொகோப்பிஸ். “இன்னும் ஆள் வந்துட்டே இருக்காங்க.”