ஃபேன் மாட்டாத வகுப்பறை

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களிடம் நான் கெஞ்சப்போவதில்லை. இது நடந்தது, எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், உச்சி வெயிலில். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவனை ஒருநாள் என் கிரேனில் உட்கார வைக்க வேண்டும்.

ஆமாம், நான் கிரேன் ஓட்டுகிறவள். என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை. இரண்டாம் வகுப்பு வராந்தாவில் நடந்தது. மழை வந்தால் பிள்ளைகளோடு பாடமும் நனையும். அதனால் விடுமுறையில் மாடியில் வகுப்பறைகளை வைக்க முடிவு செய்தார்கள். கட்டுவது இல்லை, வைப்பது. சுவர், கதவு, கரும்பலகையோடு தொழிற்சாலையில் செய்த அறைகள் பெட்டி பெட்டியாக லாரியில் வரும். நான் தூக்கி மேலே வைப்பேன். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்வது என் கொழுந்தன்.

மற்ற பெட்டிகளெல்லாம் அலுங்காமல் ஏறின. கடைசிப் பெட்டிதான் என் மகளின் வகுப்பு. அது தரையை விட்டு எழும்பியதுமே கதவுப் பக்கம் தாழ்ந்தது.

டொக்... டொக்...

சத்தம் உள்ளிருந்து வந்தது.

"அண்ணி, கேக்குதா?" என்றான் கொழுந்தன்.

"ஃபேன் லூசா இருக்கும். தூக்குங்க," என்றார் வேலையை மேற்பார்க்க வந்த இன்ஜினியர்.

"என் பொண்ணு உக்காரப் போற ரூம் சார். தொறந்து பாக்காம வைக்க மாட்டேன்."

அவர் பல்லைக் கடித்தார். கடிக்கட்டும். இறக்கினேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. புதுப் பெயிண்ட் வாசனை. அண்ணாந்து பார்த்தேன். வெறும் கொக்கி. ஃபேனே இன்னும் மாட்டவில்லை.

ஆனாலும் கிரேனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாதியில் ஓடமுடியுமா? கதவைச் சாத்திவிட்டு மறுபடி தூக்கினேன்.

மாடி உயரம். காற்றே இல்லை. பெட்டி ஆடியது. கதவுப் பக்கம் தாழ்ந்தது. பிறகு பின்பக்கம். மறுபடி கதவுப் பக்கம். உள்ளே யாரோ அங்கும் இங்கும் ஓடுகிறார்கள்.

டொக்... டொக்... டொக்...

வாக்கிடாக்கி கரகரத்தது.

"டீச்சர்... நான் போகட்டுமா?"

சின்னஞ்சிறு குரல்.

"தம்பி, யாரது உன் பக்கத்துல?"

"யாருமில்ல அண்ணி. நான் வாயே தொறக்கல..."

"டீச்சர்... போகட்டுமா?"

பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் பயத்தை மீறிக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையை இப்படிக் கெஞ்சவிட்டது யார்?

பெட்டியை இறக்கினேன்.

"மேல வைங்கம்மா! வேலை போயிடும்!"

"போனா போகட்டும் சார்!"

கதவை அகலத் திறந்தேன். ஒதுங்கி நின்றேன்.

"போம்மா. டீச்சர் சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போ."

தட... தட... தட...

பிஞ்சுக் கால்கள்.

என் விரலை ஒரு கை பிடித்தது. சில்லென்று...

விட்டது.

மூன்றாம் முறை பெட்டி நேராக ஏறியது. இன்ஜினியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை.

அன்றிலிருந்து, கதவைத் திறந்து "யாராவது இருந்தா வெளிய வாங்க" என்று கூப்பிடாமல் நான் எந்தப் பெட்டியையும் தூக்குவதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பெட்டி கொண்டுவரும் லாரி டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசிப் பெட்டி புதுசு இல்லக்கா," என்றார். "வேற பள்ளிக்கூடத்துல இருந்தது. பெயிண்ட் அடிச்சு அனுப்பினாங்க."

அங்கே விடுமுறைக்கு முந்தைய நாள், "நான் சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது" என்று ஒரு டீச்சர் ஒரு சிறுமியை அந்த அறையில் நிற்கவைத்து, மறந்துபோனாராம். சாயங்காலம் அறையைப் பூட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் ஊரெல்லாம் தேடினார்கள். விடிந்ததும் அந்த அறையை எடுத்துப்போகக் கிரேன் வந்தது. பெட்டி ஏதோ ஒரு கிடங்கின் மூலைக்குப் போனது. விடுமுறை முடிந்த பிறகுதான் திறந்தார்களாம்.

"தூக்கும்போதே உள்ளே டொக் டொக்னு சத்தம் கேட்டுச்சாம்க்கா."

"யாரும் தொறந்து பாக்கலையா?"

"ஃபேன் லூசா இருக்கும்னு சொன்னாங்களாம்..."