பெருமாள்சாமியின் முப்பத்து நான்கு ஆடுகள்

பெருமாள்சாமி ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். 1941இல் மனைவி பாஞ்சாலியோடு ஒன்பது செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அடுகோடிக்கு வந்தார். கோவிந்தப்பா என்ற காய்கறி விவசாயி தன் நிலத்தின் ஓரத்தில் பட்டி போட இடம் கொடுத்தார். வாடகை கிடையாது. அறுவடை முடிந்த பாத்திகளில் ராத்திரியில் ஆடுகளை நிறுத்திக் கிடை போட்டு உரமாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

1959 மார்ச் 9, திங்கட்கிழமை, எங்கள் கால்நடை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஓர் ஆணை போயிற்று. அதை எழுதியவன் நான். பக்கத்துப் பட்டறையொன்றில் பழைய ராணுவக் கருவிகளின் முகப்பிலிருந்து இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சைச் சுரண்டிக் கழுவியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில்தான் ஆடுகள் குடித்து வந்தன. ஆணையில் மூன்று நிபந்தனைகள்: ஆடுகளை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, ஓசூர் ரோட்டைத் தாண்டக் கூடாது.

ஆறு வாரம் கழித்து ஆய்வுக்கூட அதிகாரி வெங்கடசுப்ரமணியன் கதிர்வீச்சை அளக்கும் பெட்டியோடு வந்தார். பதிவேட்டோடு நானும் போனேன். முப்பத்து நான்கு ஆடுகளும் இருந்தன. அதிகாரி பட்டியின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்து நாலு ஆட்டுக்குப் புழுக்கை இவ்வளவுதானா?”

“ராவுல கெடைக்குப் போயிடும், சார்.”

“கிடையா? ஆணை இருக்கே?”

“விக்கக் கூடாதுன்னீங்க, விக்கல. அறுக்கக் கூடாதுன்னீங்க, அறுக்கல. ரோட்டத் தாண்டல. புழுக்கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

அதிகாரி என்னிடம் நகலை வாங்கிப் படித்தார். பெருமாள்சாமி சொன்னது சரிதான். தவறு எங்களுடையது.

“எந்த நிலத்துல போட்டீங்க?”

பெருமாள்சாமி பாத்திகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிடை போட்ட பாத்திகளில் பெரும்பாலும் கோவிந்தப்பா அதற்குப் பிறகு கொத்தமல்லி விதைத்திருந்தார். முதலில் விதைத்தது இரண்டு நாளில் சந்தைக்குப் போக வேண்டிய பயிர். சொன்னால் பயிர் போகும், பட்டி நிற்கும் இடமும் போகும். ஏரிக்கரையில் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

“அந்தக் கீரையத் தின்னா என்ன சார் ஆவும்?”

“இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. எலும்புல போய்த் தங்கிடும். குழந்தைங்களுக்கு ரொம்பக் கெடுதல்.”

பெருமாள்சாமி கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பதினோரு இடங்களைக் காட்டினார். எந்த இடத்தில் எத்தனை ராத்திரி என்றும் சொன்னார். ஒன்பது இடங்களில் பெட்டி படபடவென்று சத்தம் போட்டது.

அதைக் கேட்டுக் கோவிந்தப்பா வந்துவிட்டார். “ஏன் பெருமாளு, நம்ம ஹொலத்துல, பாத்திக்குள்ள, என்ன பொட்டி வெச்சுப் பாக்கறாங்க?”

“கொத்தமல்லி கெட்டுப்போச்சு அண்ணா. என் ஆட்டாலதான்.”

“இவங்களுக்கு யார் சொன்னது?”

“நான்தான்.”

“சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்புறம் எதுக்குடா வாயத் தொறந்த? பெரிய அரிச்சந்திரன்!”

“உம் பேரப் பசங்களும் அதத்தானே அண்ணா திங்குது.”

கோவிந்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் பயிரைப் பிடுங்கிக் குழிதோண்டிப் புதைத்தார்கள். ஆணையில் நான்காவது நிபந்தனை சேர்ந்தது: ஆடுகள் பட்டியை விட்டு நகரக் கூடாது. அதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் அத்தனை ஆடுகளையும் கொன்று புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோவிந்தப்பா ஐந்தாம் நாள், ஏப்ரல் 25 காலை, அலுவலகத்துக்கு வந்தார். தாளை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஆடு அங்கேயே இருக்கட்டும். அவன்கிட்ட மட்டும் நான் பேச மாட்டேன். அதையும் எழுதிக்கோங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதை எழுத ஆணையில் இடமில்லை. பதினான்கு மாதம் ஆடுகளுக்கு வெளியிலிருந்து தழை வந்தது. இருபத்தேழு ஆடுகள் தேறின. மீதி ஏழு ஆடுகளைப் புதைத்தார்கள். 1966இல் பெருமாள்சாமி ஆட்டுத் தொழிலை விடும் வரை கோவிந்தப்பா அவரைக் கிடைக்குக் கூப்பிடவில்லை. இடத்தைக் காலி செய்யவும் சொல்லவில்லை.