ஆண் இல்லாத தொட்டி

லென்ஸ்காரர் தம் வாழ்நாளில் மனைவி சொன்ன எதற்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. மனைவி அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. பகலெல்லாம் மற்றவர்கள் பார்ப்பதற்காகத் தேய்த்தாலும், அவர் பார்க்க ஆசைப்பட்டது வீட்டுக் கூடத்தில் செருப்பு அலமாரிமேல் இருந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை. அதில் கப்பி மீன்கள். கப்பி முட்டையிடாது, உயிரோடு குஞ்சு போடும். ஒரு தடவைக்கு முப்பது, நாற்பது. போட்ட கையோடு தாயே அவற்றைத் துரத்தித் துரத்தி விழுங்கும். ஆகவே குஞ்சுகளை உடனே வேறு தண்ணீருக்கு மாற்ற வேண்டும். லென்ஸ்காரர் மாற்றினார். முதலில் பிஸ்கட் ஜாடி, பிறகு குளியலறை வாளி, பிறகு குக்கர். கடைசியில், விருந்தாளியாக வந்திருந்த மாமனார் காலையில் பல்செட்டை எடுக்க டம்ளருக்குள் கைவிட்டபோது, பற்களுக்கு நடுவே மூன்று குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பல் இல்லாமல் என்ன பேசுவார்? மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

“தொட்டி போகணும்” என்றார் மனைவி. “தெருமுனைத் தையல்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு.”

“மீன் என்னம்மா பண்ணுச்சு?”

“மீன் ஒண்ணும் பண்ணல. அப்பா டம்ளர்ல பல் இருந்தது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது. தண்ணி சுத்தமா இருந்துச்சு, அதான்.”

மனைவி பத்திரம் தட்டச்சு செய்கிறவர். நிபந்தனை போடுவதில் கைதேர்ந்தவர். “சரி, ஒரே ஒரு வழி. தொட்டிக்குள்ள ஆம்பள மீன் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. அது இல்லாம குஞ்சு எங்கேர்ந்து வரும்? ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே தொட்டி தையல்காரர் வீட்டுக்கு.”

“சரிம்மா.”

அன்று மாலையே ஆண் மீன்களையெல்லாம் பையில் கட்டி மீன்கடையில் கொடுத்துவிட்டார். பெண் கப்பி ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதும், அதன் விந்தணுக்களை வயிற்றில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குஞ்சு போடும் என்பது அவருக்குத் தெரியும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று லென்ஸ் தேய்த்தபடி யோசித்தார். ஆகாது என்று முடிவு செய்தார். தனக்குச் சாதகமான முடிவுக்கு வர மனிதனுக்கு ஒரு லென்ஸ் தேய்க்கும் நேரமே அதிகம்.

நாலு வாரத்தில் முப்பத்து நாலு குஞ்சுகள், மறுபடியும் வாளியில்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு செடிக்குப் பின்னால், கல்லுக்கு அடியில், மோட்டாருக்குப் பக்கத்தில் என்று தேடினார். ஓர் ஆணும் இல்லை.

“எப்படிங்க?”

“எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு” என்றார் லென்ஸ்காரர். அங்கேதான் சறுக்கினார். அதுவரை சொல்லாமல்தான் இருந்தார். இது சுத்தமான பொய். போதாததற்கு முகத்தையும் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மனைவி வேலையிலிருந்து நேரே மீன்கடைக்குப் போனார். கடைக்காரர் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, “சார் உங்ககிட்ட சொல்லலையாக்கா? எனக்கே இதையெல்லாம் சொல்லிக்குடுத்தது அவருதான்” என்றார்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பிடும்போது மனைவி மெதுவாகக் கேட்டார்: “வாளியில இருக்கறதுல பாதி ஆம்பளையாத்தானே வளரும்?”

“வளரும்.”

“நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல?”

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை ஆரம்பித்தது. லென்ஸ்காரர் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, ஒவ்வொரு குஞ்சாக வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, வயிற்றுக்கடியில் உள்ள துடுப்பைப் பார்ப்பார். விசிறிபோல் விரிந்திருந்தால் பெண், தொட்டிக்கு. குச்சிபோல் கூராகிவந்தால் ஆண், மீன்கடைக்கு. இரண்டாம் நாளே குச்சித் துடுப்போடு ஒன்றைத் தொட்டியில் விடப் போனார்.

“குடுங்க இங்க” என்று மனைவி பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். பத்திரத்தில் விடுபட்ட ஒரு புள்ளியைக்கூட விடாத கண். அவர் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, லென்ஸ்காரர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நாளில் பதினாலு ஆண்கள் வெளியேறினார்கள்.

கடைசியாக மிஞ்சியது ஒன்று. ஊறிய மைபோல நீல வால், ஊசிபோலத் துடுப்பு. பூதக்கண்ணாடியே தேவையில்லை. மனைவி குனிந்ததும் அது வாலை முழுசாக விரித்து, உடம்பை வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மனைவி ரொம்ப நேரம் பார்த்தார். வழக்கமாக இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்.

“இது பொண்ணுதான்.”

‘ஆண்’ என்ற சொல் லென்ஸ்காரருக்கு வாய் வரை வந்துவிட்டது. “இன்னொரு தடவை பாத்துடறியா?”

“ஏன், எனக்குக் கண்ணு தெரியலையா?”

“சேச்சே. நல்லாத் தெரியுது.”

மனைவி கிண்ணத்தைத் தாமே தொட்டிக்குள் கவிழ்த்தார். நீல வால் பெண்கள் நடுவே போய் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அடுத்த மாசம் அப்பா வர்றாரு. அவரு டம்ளருக்கு மூடி ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க.”