கொள்ளி வைக்க எத்தனை மணி நேரம்

டப்ளினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணி நேரம்?" என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை.

"நேரா பிளைட் கெடையாது. நடுவுல ஒரு எடத்துல மாறணும். வீட்டுக்கு வீடு பாத்தா முழுசா ஒரு நாள்."

பெரியப்பாவுக்கு ஊர் பந்திங். சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் அவர் வீட்டுப் பக்கமாகத்தான் தாழ்கின்றன. ஒன்றில்கூட அவர் ஏறியதில்லை. ஆனால் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று தெரியும். சிங்கப்பூர் ஒரு மணி. சென்னை நான்கு. சிட்னி எட்டு, அதுவே அதிகம். எங்கள் குடும்பத்தில் தூரத்தைச் சாவு வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் அளப்பார்கள். இன்று போன உயிருக்கு நாளை மதியம் சுடுகாடு. டிக்கெட் தேடி எடுத்து அதற்குள் வந்துவிட முடிகிற ஊராக இருந்தால் மூத்த மகன் போகலாம். நான் மூத்தவன் மட்டுமல்ல, ஒரே மகன்.

இந்தப் பேச்சு நடந்தது எங்கள் ஊரான மேருவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். லோரி ஓட்டும் அப்பா, பிரஷர் மாத்திரையைத் தவிர எந்தக் குறையும் இல்லாதவர், எதிரே உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னடா பண்ணுவ?"

"ஏதாச்சும்னா? அப்பா செத்தா, அதானே பெரியப்பா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"படிச்ச வாயி, பாத்தியா," என்றார் பெரியப்பா அப்பாவிடம்.

பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். ஒவ்வொரு படியிலும் "இது போதும்லா" என்று சொல்ல யாராவது இருந்தார்கள். இந்த முறை, உயிரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதரைப் பிணமாகக் கிடத்திக் காட்டி என்னை நிறுத்தப் பார்த்தார்கள். எனக்கு எரிந்தது.

"உங்க தாத்தா கப்பலேறி இங்க வந்தாரே, அங்க அவரோட அப்பாவுக்கு யாரு கொள்ளி வெச்சா?"

"அது பொழைக்க வந்தது."

"நானும் அதுக்குத்தான் போறேன்."

"மகன் இருந்தும் உங்கப்பன் அநாதையா போகணுமா?"

"நான் வைக்கிறேன் கொள்ளி," என்றாள் தங்கச்சி, சமையலறை வாசலில் நின்று. பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவள் அவள்.

"பொம்பளப் புள்ளயா?"

"இப்ப சுடுகாட்டுல பட்டன்தான் பெரியப்பா. ஃபேக்டரில நான் தெனம் அதத்தான் அமுக்குறேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ அமுக்கினா எரியாதாண்ணே?"

"அந்த எழவுக்கு நான் வரமாட்டேன்."

"வராட்டி போங்க. நான் எந்திரிச்சு வந்தா கேக்கப் போறேன்?"

பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். யாரும் தடுக்கவில்லை.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு நாளை எந்த விமானமும் எனக்காகக் குறைத்துத் தராது. அப்பா போகும் நேரத்தில் நான் ஏதோ ஒரு கடலுக்கு மேலே, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அதைத் தெரிந்தேதான் போகிறேன். நல்ல உடம்போடு இருப்பவரின் சாவுக்கு வாசலில் காவல் உட்காருவது பாசம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மேசையை விட்டு எழாமலே, வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினேன்.