சடையன் வீட்டுக்குப் போட்ட காவல்

1. பெரட்டில் கிடந்த சாமான்

காலை ஐந்தேகால் மணி. நான் ஆள் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் படியிறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது, லாந்தர் வெளிச்சத்தில் தரையில் தனியாக இருந்த ஒரு பித்தளைக் குடம். பக்கத்தில் சுருட்டிய பாய், இரண்டு சட்டி, ஒரு தகரப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு காலை வைத்தபடி பெரியண்ணக் கங்காணி சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடுவதற்கு, ஆட்கள் அப்போதுதான் தங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் குடத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன கங்காணி, சந்தை கூட்டியிருக்கீங்க?" என்றேன்.

"சந்தையில்ல கிராணியாரே. ஓடப்போறவன் மூட்டை. அவன் கட்டறதுக்கு முந்தி நாமளே கட்டிக் கொண்டாந்துட்டோம். துரை வரட்டும்."

சாமானுக்குரியவர்கள் நான்கடி தள்ளி நின்றார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் சடையன், அவன் மனைவி வீராயி, அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. சடையன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தான். அவன் தாடி மார்பைத் தொட்டது. வீராயி அசையவில்லை.

இது ஆயர் ஈத்தாம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்குத் தோட்டச் செய்தி எழுதி அனுப்பும் வேலையும் எனக்கு இருந்ததால், கண்டதைக் கண்டபடி மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.

2. கடனும் தலைக்காசும்

இன்று ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கங்காணி என்றால் வேலை வாங்குகிறவர் என்று மட்டும்தான் தெரியும். அன்று அவர் அதற்கும் மேல். ஊரிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய ஆள் ஒருவர் பெரட்டுக்கு வந்தால் அன்றைக்கு அந்த ஆள் பேரில் தோட்டம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுக்கும். ஆள் வராவிட்டால் காசு இல்லை. லயத்து முனையில் மளிகைக் கடையும் அவருடையதுதான். பற்று எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார். கைக்கடனும் கொடுப்பார்.

பெரியண்ணக் கங்காணி கடனைத் திருப்பிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. "நமக்குள்ள வட்டியா? வட்டி வாங்கறவன் நானில்ல" என்பதைக் கடை வாசலில் உட்கார்ந்து வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ஆட்கள் அவரை மாமா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிட்டார்கள்.

சடையன் அவருக்குத் தரவேண்டியது அறுபது வெள்ளி. மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வாங்கியது இருபது. ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பியது நாற்பது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. கோத்தா திங்கிப் பக்கம் காட்டை அழித்து மரம் நட்டுக்கொண்டிருந்த ஒரு புதுக்காட்டில் அவர்கள் இருந்தபோது, மழைக்காலத்தில் இறந்தது.

இந்த நிலையில் ஒரு சம்பள நாளன்று பெரியண்ணக் கங்காணி லயத்தில் ஒரு செய்தி சொன்னார். இன்னும் ஆறு மாதத்தில் தன் ஆட்களோடு வேறொரு புதுக்காட்டுக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே தலைக்காசு கூட. லாரி வரும்.

கடன் உள்ளவர்கள் கங்காணியோடு போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் அதைச் சட்டமாகத்தான் எல்லோரும் வைத்திருந்தார்கள். கடன் இல்லாதவன் இருக்கலாம். கடன்காரன் பெட்டியைத் தூக்கவேண்டும்.

வீராயி அன்று மாலை என் வீட்டுப் பின்கட்டில் என் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்ண அங்க குடுத்தாச்சு அக்கா. இவளயும் கொண்டுபோய் அந்தக் கொசுவுக்குக் குடுக்கமாட்டேன். அறுபது வெள்ளிய அவரு மடியில போட்டுட்டு இங்கயே இருந்துக்கறோம்."

"எப்படிடி சேப்பே?"

"எல்லாத்தயும் நிறுத்தறதுதான்."

3. நிறுத்தியவை

முதலில் மண்ணெண்ணெய் நின்றது. பாலை எடைபோட்டுக் கொடுத்து வீடு திரும்பியதும் சோறு பொங்கி, வெளிச்சம் இருக்கும்போதே தின்றுவிட்டுப் பாயை விரித்தார்கள். ஆறரை மணிக்கு அந்த லயத்தில் இருட்டாக இருந்தது அவர்கள் கதவு ஒன்றுதான். தீப்பெட்டியும் நின்றது. காலையில் வீராயி கொட்டாங்கச்சியோடு பக்கத்து வீட்டுக் காத்தாயியிடம் போய் நெருப்புத் துண்டு வாங்கிவருவாள்.

"ஏண்டி, நெருப்பையும் கடனாத்தான் வாங்கணுமா?" என்பாள் காத்தாயி.

"ஒங்கிட்ட வாங்கினா லாரி ஏத்தமாட்டியே" என்பாள் வீராயி.

அரிசியில் பாதி மரவள்ளிக் கிழங்கானது. கருவாட்டுக்குப் பதில் ஓடை மீன். கோழி நான்கையும் ஆயர் ஈத்தாமில் ஒரு சீனர் கடையில் விற்றாள். முட்டைக்காவது ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று என் மனைவி கேட்டதற்கு, "அது திங்கிற நொய்ய நாங்க திங்கலாமே" என்று பதில் வந்தது. குழந்தைக்கு மாவுச் சாக்கில் சட்டை தைத்தாள். முதுகில் மில்லின் முத்திரை சலவைக்குப் பிறகும் போகவில்லை. அந்தி வேலையாக இருவரும் மரத்தடியில் சிந்திக் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுரண்டிக் கொண்டுவந்து எடைபோட்டுக் கொடுத்தார்கள். ராத்தல் கணக்கில் அதற்குத் தனிக் காசு.

சடையன் கள்ளை விட்டான். வெற்றிலையை விட்டான்; கொய்யாக் கொழுந்தை மென்று துப்பினான். நாவிதனுக்குக் கொடுக்கும் காசையும் நிறுத்தியதால் தாடி வளர்ந்தது.

எதையும் விடமுடியும் என்று காட்டிய அந்த மனிதனால் உட்காரத்தான் முடியவில்லை. முன்பெல்லாம் அந்தி நேரம் கள்ளுக்கடையில் கழிந்தது. இப்போது வீடு இருட்டு, வாயில் வெற்றிலை இல்லை, பேசப் போனால் எவனாவது ஒரு சுருட்டு நீட்டுவான், பிறகு அதைத் திருப்பித் தரவேண்டும். அவன் நடக்க ஆரம்பித்தான். தோட்டத்து மண்பாதையில் நேராகப் பெரிய ரோட்டு வரைக்கும் போய், அங்கிருந்த மைல்கல்லைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவான். மழை பெய்தாலும் போவான்.

ஐந்து வெள்ளி சேர்ந்தவுடன் வீராயி அதைக் கடனில் கழிக்கச் சொல்லிக் கங்காணியிடம் கொண்டுபோனாள். அவர் கையை நீட்டவில்லை.

"இருக்கட்டும் புள்ள. என்னா அவசரம்? புள்ளைக்கு ஒரு பாவாடை எடு."

பத்து வெள்ளியோடு போனபோதும் அதே பதில். மூன்றாம் முறை அவள் போகவில்லை. சேர்ந்ததை இடுப்புத் துணியில் தைத்துவைத்துக்கொண்டாள்.

4. காவல்

அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடுகிறவர்கள் இருந்தார்கள். வேறு தோட்டத்தில் கூலி கூட என்று கேள்விப்பட்டால், கடனை இங்கேயே விட்டுவிட்டு விடிவதற்குள் குடும்பத்தோடு போய்விடுவார்கள். ஓடப்போகிறவனைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கங்காணியும் ஒரு கணக்கு வைத்திருந்தார். கோழியை விற்பான். தூக்கமுடியாத சாமானை வாங்கமாட்டான். யாரோடும் சேரமாட்டான். வழி பார்த்துவைப்பான்.

பெரியண்ணக் கங்காணி இதையெல்லாம் சடையன் வீட்டில் பார்த்தார். அவர் என்னிடம் வந்து விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கடைசி விரலுக்கு அவர் வைத்திருந்த அடையாளம் இது: "தாடி விடறான் கிராணியாரே. அடுத்த தோட்டத்துல ஆள் தெரியாம இருக்க."

"நாவிதனுக்குக் காசு மிச்சம் பிடிக்கிறான்" என்றேன்.

"எந்த ஊர்ல கூலிக்காரன் மிச்சம் பிடிச்சான்?" என்றார்.

அவர் தம் ஆட்களில் கருப்பன், வேலு என்ற இருவரைச் சடையனுக்குக் காவல் வைத்தார். சடையன் நடக்கும்போது பின்னால் போகவேண்டும். அதற்குக் கூலியாக இருவருக்கும் கடையில் கேட்ட பற்று. இருவருக்கும் ஏற்கெனவே சடையனைவிடக் கடன் அதிகம்.

இரண்டு வாரத்தில் வேலு என்னிடம் புலம்பினான்.

"அவன் எதுக்குப் போறான்னே தெரியல கிராணியாரே. கல்லத் தொடறான், திரும்பறான். சாமி கும்புடறானான்னா அதுவுமில்ல. அவன் வெத்தல விட்டதுக்கு நாங்க கால் ஒடிய நடக்கணுமா?"

"நீயும் ஒரு தடவை தொட்டுப் பாரேன்" என்றான் கருப்பன். "கடன் தீருதா பார்ப்போம்."

பிறகு இருவரும் கல் வரைக்கும் போவதை விட்டார்கள். ரோட்டு முக்கில் இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, சடையன் போவதையும் வருவதையும் அங்கிருந்தே பார்த்தார்கள். ரப்பர் ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள் அந்தக் கடையில்தான் நிறுத்துவார்கள். காவல் நேரம் பேச்சில் போனது.

லாரி வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது வீராயி பித்தளைக் குடத்தைத் துலக்கி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். கடனுக்கு இன்னும் குறைகிற காசுக்கு அதை ஆயர் ஈத்தாமில் விற்க எண்ணியிருக்கிறாள். வேலு அதைப் பார்த்துக் கங்காணியிடம் சொன்னான். மறுநாள் விடியுமுன் கங்காணியின் ஆட்கள் கதவைத் தட்டிச் சாமானைப் பெரட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார்கள்.

5. துரை கேட்டது

துரை ஐந்தரைக்கு வந்தார். பத்து வருஷம் தமிழ் ஆட்களோடு இருந்தவர். அவர் தமிழில் எல்லாம் கட்டளையாக வரும்.

"கிராணி, இது என்ன கூத்து?"

கங்காணி சொன்னார். கோழி, விளக்கு, கடை, தாடி, ரோடு. சொல்லச் சொல்ல வரிசையில் இருந்தவர்கள் சடையனின் தாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களை லாரிக்குக் காத்திராமல் இன்றைக்கே புதுக்காட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும், துரை தலையாட்டினால் போதும் என்றும் முடித்தார்.

துரை சடையனைப் பார்த்தார். "நீ ஏன் ரோட்டுக்குப் போகிறது?"

சடையன் மறுகாலுக்கு மாறிக்கொண்டான். "வீட்ல இருக்க முடியலங்க" என்றான்.

யாரோ சிரித்தார்கள். வீராயி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, உங்க கடனைக் கட்டணும்னுதான் உங்க கடைக்கு வர்றதில்ல. அதுக்கு மூட்டையத் தூக்கிட்டு வந்துட்டீங்களே."

இப்போது சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. அவள் திரும்பி நின்று இடுப்புத் துணியின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். நோட்டும் சில்லறையுமாக, பெரட்டில் எனக்குப் போட்டிருந்த மேசை மேல் வைத்தாள். துரை என்னை எண்ணச் சொன்னார். அறுபது வெள்ளி இருபது காசு இருந்தது. குடம் விற்காமலே கடனுக்குச் சரியாக இருந்ததை அவளும் அப்போதுதான் அறிந்தாள் என்று நினைக்கிறேன். இருபது காசை உடனே திருப்பி எடுத்துக்கொண்டாள்.

கங்காணி பணத்தைப் பார்க்கவில்லை. "துரை, இது மூணு வருஷக் கடன். அறுபதுன்னா அது முதலு..." என்று தொடங்கினார்.

"முதல் என்றால்? வட்டி உண்டா?" என்றார் துரை.

வரிசையில் எல்லோரும் கங்காணி பக்கம் திரும்பினார்கள். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் அவரிடம் கடன் வாங்கியவர்கள். நானும் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். வட்டி உண்டு என்றால், அத்தனை பேரும் அன்றே தம் கடனைப் புதிதாகக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"வட்டி வாங்கறவன் நானில்ல துரை."

"அப்படியானால் எடு."

அவர் எடுத்துக்கொண்டார். ஆறு மாதமாக அந்தப் பணம் தன் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டவர், கடைசியில் எண்ணாமலே மடியில் செருகினார். சடையன், வீராயி பெயர்களைக் கங்காணி கணக்கிலிருந்து எடுத்துத் தோட்டத்து நேர்க் கணக்கில் எழுதும்படி துரை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய் வைத்தது கருப்பனும் வேலுவும்தான்.

அன்று மாலையே கடையிலிருந்து வீராயிக்கு ஆள் வந்தது. குழந்தைக்குக் காது குத்த வேண்டாமா, மாமா பணம் தருகிறார், சௌகரியப்பட்டபோது கொடுத்தால் போதும் என்று. அவள் கதவைத் திறக்காமலே வேண்டாம் என்றாள்.

6. லாரி வந்த காலை

முப்பது வருஷம் தோட்டத்து ஆபீஸ்களில் இருந்த பிறகு நான் புதுக் கிராணிகளுக்குச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு வீடு செலவைக் குறைத்தால் அந்த வீட்டைப் பார்க்காதீர்கள். அதைக் கண்டு முதலில் கவலைப்படுகிறவர் யார் என்று பாருங்கள். தோட்டத்தில் எங்கே என்ன நடக்கிறது என்பது அதில் தெரியும்.

லாரி சொன்ன நாளில் ஏழு மணிக்கு வந்து ஆபீஸ் முன்னால் நின்றது. சடையனும் வீராயியும் அதற்கு முன்பே தங்கள் மர வரிசையான நெரைக்குப் பால் வெட்டப் போய்விட்டார்கள். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஏற்றினார். கருப்பன் பெயருக்குப் பதில் வரவில்லை. வேலு பெயருக்கும் வரவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்ததில் இரண்டு வீட்டிலும் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஆளில்லை, விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. முந்திய நாள் மாலை இருவரும் கங்காணி கடையில் அரை மூட்டை அரிசியும் ஒரு டின் மண்ணெண்ணெயும் பற்றில் வாங்கியிருந்தார்கள்.