மிச்சம் எழுபத்தைந்து வாட்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். வெளிநாட்டு ரேடியோ கேட்டால் தலை போகும். என் கணவர் கேட்டார்.

ஒரு சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். பதற்றத்தில் அவர் சத்தத்தைக் குறைத்தாரே தவிர, சுவிட்சை அணைக்கவில்லை. ரேடியோ சாமிப் படங்களுக்குப் பின்னால் இருந்தது.

வந்தது ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு தமிழ் வயர்மேனும். வீட்டுக்கு ஒரு நாற்பது வாட் விளக்குதான் என்று உத்தரவு. வயர்மேன் எங்கள் விளக்கைப் போட்டுவிட்டு அம்மீட்டரை மாட்டினார். முள் அரை ஆம்பியரில் நின்றது. பள்ளியில் படித்த கணக்கு எனக்குள் தானாக ஓடியது. இருநூற்று முப்பது வோல்ட், அரை ஆம்பியர். நூற்றுப் பதினைந்து வாட்! வயர்மேனின் பார்வை சாமிப் படங்களுக்குப் போய்த் திரும்பியது.

வயர் பழசு, கரண்டு கசிகிறது என்று சிப்பாயிடம் மலாயில் சொன்னார். பிறகு என்னைத் திட்டுவதுபோல் தமிழில் கத்தினார்:

"நாப்பது போக மிச்சம் எழுபத்தஞ்சு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும்க்கா! இன்னிக்கே அதைக் கெணத்துல போட்டுருங்க!"

லைனை வெட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் போகும்வரை எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. இருட்டில் கையை நீட்டினால், பக்கத்தில் என் கணவர் இருந்தார்.