ஆள் இல்லாத பக்கம் கொட்டிய கல்

பெரம்பலூரைச் சுற்றியுள்ள குவாரிகளில் உடைக்கும் கல் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் கிளம்பினேன். வெடி வைக்கும்போதெல்லாம் என் அத்தை வீட்டுச் சுவரில் விரிசல் கூடிக்கொண்டே போகிறது. குவாரி ஆபீசில் கேட்டால், புயலில் கடல் ஊருக்குள் வருகிறது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கல் என்றார்கள். யார் வீட்டைக் காப்பாற்ற யார் வீடு விரிகிறது என்று பார்த்துவிடலாம் என, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் கீழப்பழுவூர் குமரேசன் அண்ணனின் டிப்பர் லாரியில் ஏறினேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜெயங்கொண்டத்தில் டீ, பிறகு மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம். கடற்கரை வரை ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். பின்னால் பெரிய பெரிய பாறைகள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று முட்டும் சத்தம் என் முதுகுத்தண்டில் இறங்கியது.

"பயப்படாத தம்பி. அது முன்னால வந்தா வலிக்கக்கூட நமக்கு நேரம் இருக்காது" என்றார் அண்ணன். ஆறுதல் சொல்கிறாராம்.

பதினொன்றரைக்கு அந்த மீனவ ஊரை அடைந்தபோது காற்று மாறியிருந்தது. கடலுக்குப் போனவர்களை உடனே திரும்பச் சொல்லி மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் நடுவே கடலுக்குள் நீளும் கல் சுவர்தான் தூண்டில் வளைவு. அதன் மேலேயே லாரி போகிறது. ஒரு பக்கம் மணலும் வீடுகளும். மறுபக்கம் வெறும் தண்ணீர். கற்களை எடுத்து அடுக்க வேண்டிய ஹிட்டாச்சி இயந்திரம் பழுதாகி நின்றிருந்தது. கொட்டிவிட்டுப் போகச் சொல்லி சூப்பர்வைசர் போனிலேயே உத்தரவு போட்டார்.

குவாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே கொட்டினாலும் ஆள் இல்லாத பக்கம் பார்த்துத்தான் கொட்டுவார்கள். அது உயிர் காக்கும் பழக்கம். குமரேசன் அண்ணனும் பின்பக்கத்தைத் தண்ணீர் பக்கம் திருப்பினார். அப்போது ஒரு பெண் ஓடிவந்து லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெயர் செல்வி.

"தள்ளுங்கக்கா. ஆள் இல்லாத பக்கம்தானே கொட்டுறேன்" என்றார் அண்ணன்.

"எது ஆள் இல்லாத பக்கம்? எங்க வூட்டு ஆளு அந்த வழியாத்தான் வரணும்."

எங்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் தண்ணீர். அவர்களுக்கு அதுதான் சாலை. முகத்துவாரத்தின் எதிர்க்கரை முழுக்க மணல் திட்டு என்பதால் படகுகள் சுவரை ஒட்டித்தான் உள்ளே வர முடியும். கல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போன வருஷம் அலை அடுப்படி வரை வந்ததாம். சுவர் மேல் போடுங்கள், வழியில் போடாதீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. அண்ணன் இறங்கி வந்து தண்ணீரை எட்டிப் பார்த்தார். அதே வாரத்தில் அங்கே ஏற்கெனவே இரண்டு லோடு கொட்டியிருந்தார். தண்ணீருக்கு மேலே ஒரு கல்கூடத் தெரியவில்லை.

செல்வியின் கணவர் போன படகு இன்னும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. லோடை இறக்காமல் நாங்களும் அங்கேயே காத்திருந்தோம். ஒன்றரை மணி வாக்கில் படகு தெரிந்தது. அலை அதைத் தூக்கித் தூக்கி நேராக அந்தக் கற்கள் மூழ்கிக் கிடந்த சுவர் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. அண்ணன் சட்டையைக் கழற்றி வீசி, விலகு விலகு என்று கத்தினார். நானும் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

படகு விலகியது. விலகிப்போய் மணல் திட்டில் ஏறி நின்றது. அடுத்த அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்தது. படகில் இருந்த நான்கு பேரில் மூன்று தலைகள்தான் எனக்குத் தெரிந்தன. ஊர்க்காரர்கள் கயிறு வீசி இழுத்தார்கள். நான்காவதாகக் கரை ஏறியவர் செல்வியின் கணவர். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்துவிட்டு, சட்டையை வீசிக் காட்டியது யார் என்று கேட்டார்.

செல்வி அண்ணனைக் காட்டினார். "இவருதான். கல்லைக் கொட்டுனதும் இவருதான்."

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது லோடை அவர் தண்ணீரில் கொட்டவில்லை. சுவர் மேல் பாதையிலேயே குறுக்கே கொட்டிவிட்டு, ஹிட்டாச்சி சரியானதும் எடுத்து அடுக்கட்டும் என்றார். சூப்பர்வைசர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. சுவர் எவ்வளவு நீளம் என்று திட்டம் போட்டவர்கள், படகு எந்த வழியாக வரும் என்று கேட்க ஒரு நாள் அந்த ஊருக்கு வந்திருக்கலாம். எங்கள் பக்கம் வெடி வைக்கும் முன்பும் யாரும் கேட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, முக்கால் மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். தூண்டில் வளைவின் முனைக்கு நடக்காதீர்கள், கற்கள் ஆடுகின்றன. படகில் ஏறச் சொன்னால், ஓட்டுபவர் அந்த ஊர்க்காரர்தானா என்று கேளுங்கள்.

அந்த இரண்டு லோடு கல் இன்னும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. குமரேசன் அண்ணனுக்கு அதன் பிறகு கடற்கரை லோடு கொடுக்கவில்லை. வேறு டிரைவர்கள் போகிறார்கள். எந்தப் பக்கம் கொட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை.